ஒன்பது மணி விளக்கு

"உங்களுக்குப் பசியில்லையா?" என்று கைத்தொலைபேசி டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டது.

கஜலக்சுமி ஒரு கையால் சொதியைத் துழாவிக்கொண்டே, மற்றக் கையிலிருந்த தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "யா" என்றாள். ஓம், பசியில்லை என்பதுதான் அவள் மனதில் இருந்தது.

"மிக நல்லது! அப்படியானால் இப்போதே சாப்பிடுவோம்!" என்றது தொலைபேசி. திரையில் ஒரு சிவப்புப் பிழைக்குறி விழுந்தது.

மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதிவதனன் வாய்விட்டுச் சிரித்தான்.

"பசியில்லை எண்டவளைப் பிடிச்சு இருத்திச் சாப்பாடு தருது. நல்ல ரெலிபோனப்பா இது. எங்கட மாமியின்ர குணம்."

"நீங்கள் சும்மா இருங்கோ. பசியில்லையோ எண்டு கேட்டது, நான் ஓம் எண்டனான். இதில என்ன பிழை?"

"அங்கதான் பிழை. பசியில்லாட்டி நைன், இல்லையெண்டு சொல்ல வேணும். பசிச்சா டொஹ்."

"டொச்சிலதானே சொல்லுறன்."

"டொச் இல்லையப்பா, டொஹ். மீன்முள்ளுச் சிக்கின மாதிரித் தொண்டைக்குள்ள இருந்து வரவேணும். சொல்லும் பாப்பம்."

அவள் சொல்லிப் பார்த்தாள். இருமல் மாதிரித்தான் வந்தது. அவன் கண்ணில் வெங்காயக் கண்ணீரோடு மறுபடியும் சிரித்தான்.

தமிழில் இந்தச் சங்கடம் இல்லை. வரவில்லையா என்று கேட்டால், வராதவர் "ஓம்" என்பார். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதுதான் நம்முடைய ஓம். டொச்சில் அந்த ஓமுக்கு இடமில்லை. "இல்லையா" என்று ஒருவர் கேட்டு, "ஏன் இல்லை, இருக்கிறதே" என்று மறுக்க வேண்டுமென்றால், அதற்கென்றே அவர்கள் டொஹ் என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். கஜலக்சுமிக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடங்களாக சுவிஸில், எம்மன்புரூக்கேயில் இருக்கிறாள். அந்தச் சொல்லை நாளுக்கு நூறு தடவை காதால் கேட்டிருக்கிறாள். ஒரு கேள்விக்குப் பதிலாகத் தன் வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை.

அது அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்ட சொல் என்பது போன வருடம் இலையுதிர்காலத்தில்தான் தெரிந்தது.

அவள் ஒரு முதியோர் இல்லத்தின் லொண்டரியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். அங்கே இருப்பவர்களின் உடுப்பு ஒவ்வொன்றிலும் கழுத்துக்கு உள்ளே பெயர் தைத்த ஒரு சின்னப் பட்டி இருக்கும். அந்தப் பட்டிகளை வைத்துத்தான் அவளுக்கு ஆட்களைத் தெரியும். புஹேலி என்ற பட்டி தைத்த ஊதா நிறக் கம்பளிச் சட்டையின் இடது கையில் எப்போதும் சூப் கறை இருக்கும். அப்படியென்றால் அந்த அம்மா இடதுகைக்காரி. உடுப்பின் அளவு ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டு வந்தது. ஒரு பெயர் இரண்டு கிழமை தொடர்ந்து வராவிட்டால் கஜலக்சுமி யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். தோய்த்து மடித்து மிச்சமிருப்பதைத் தனியே ஒரு பையில் போட்டு வைப்பாள், பிள்ளைகள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு நாள், உடுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் மாடியால் போகும்போது, ஊதாச் சட்டை ஜன்னலடியில் இருந்தது. முதன்முதலாக உள்ளே ஆளோடு பார்த்தாள். அந்த அம்மா கையை நீட்டி, "உங்களுக்கு நேரமில்லையா?" என்று கேட்டார். கீழே இரண்டு மெஷின் முடிந்து காத்திருந்தது. "யா" என்றாள் கஜலக்சுமி, மரியாதையாகச் சிரித்துக்கொண்டு. ஓம் அம்மா, நேரமில்லை. ஆனால் புஹேலி அம்மாவுக்கு விளங்கியது வேறு. முகமெல்லாம் மலர, பக்கத்துக் கதிரையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, கதிரையைத் தட்டிக் காட்டினார். கஜலக்சுமி தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். லிஃப்டுக்குள் ஏறித் திரும்பிப் பார்த்தபோதும் அந்தக் கை கதிரையிலேயே இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு புஹேலி என்ற பட்டி வரவில்லை.

அதை அவள் மதிவதனனுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் தைமாதம் இல்லத்தின் மேலாளரான ஷெஃபினிடம் போய், தனக்கு லொண்டரியை விட்டு ஆட்களைப் பராமரிக்கிற வேலைக்கு வர விருப்பம் என்று, வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த நான்கு வசனங்களில் சொன்னாள். ஷெஃபின் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "செப்டெம்பரில் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் நேர்முகம். அங்கே நீங்கள்தான் கதைக்க வேண்டும், உங்கள் கணவர் இல்லை" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கஜலக்சுமிக்கு வீடுவரை உறுத்திக்கொண்டே வந்தது.

இப்படித்தான் அவள் டொச் வகுப்பில் சேர்ந்தாள்.

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு, பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் வகுப்பு. படிப்பித்தவர் ஃப்ரௌ, அதாவது திருமதி, அம்ரைன். சைக்கிள் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். தொடக்கத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். மாசி பிறந்தபோது ஆறு பேர்தான் மிச்சம். வளர்ந்த மனிதர்கள் பகல் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு, பள்ளிப்பிள்ளைகளின் கதிரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்து, பெயர்ச்சொல் ஆணா பெண்ணா என்று யோசிப்பது இலேசில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஃப்ரௌ அம்ரைன் எல்லோருடைய தொலைபேசியிலும் ஒரு செயலியை ஏற்றிவிட்டார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அது கேட்கும், நாம் சொல்ல வேண்டும். சரியென்றால் புள்ளி. ஒரு நாளும் விடாமல் செய்தால் மேல்மூலையில் ஒரு சின்னச் சுடர் எரியும், பக்கத்தில் எத்தனை நாள் என்று எண் நிற்கும். ஒரு நாள் விட்டாலும் சுடர் அணைந்து எண் பூச்சியமாகும். கிழமைக்கு ஒருமுறை வகுப்பறைத் திரையில் எல்லோருடைய புள்ளியும் வரிசையாக வரும்.

கஜலக்சுமி அதைச் சுடர் என்று சொல்லவில்லை. விளக்கு என்றாள்.

"இஞ்சாருங்கோ, விளக்கு நூந்துபோகப் போகுது, பத்து நிமிசம் என்னோட ஒருத்தரும் கதையாதேங்கோ" என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டில் இருந்தது மதிவதனன் ஒருவன்தான். மகள் பவதாரணி கூர் நகரத்தில் ஒரு ஹோட்டலில் தொழிற்பயிற்சியில் இருந்தாள். "அம்மா, எனக்குப் போன் எடுக்க நேரமில்லை, உந்தப் பெட்டையோட மட்டும் கதைக்க நேரமிருக்கு" என்று அவளும் பகிடி பண்ணுவாள். செயலிக்குள் இருந்து கேள்வி கேட்பது ஒரு பெண்குரல்.

உண்மையில் அந்தக் குரல் அவளுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தது. அது சிரிக்கவில்லை. கடிகாரம் பார்க்கவில்லை. ஒரே பிழையை நாற்பது தரம் விட்டாலும் நாற்பத்தோராம் தரமும் அதே குரலில் கேட்டது. மனிதர் முன்னால் திறக்காத வாய் அதன் முன்னால் திறந்தது. வகுப்புக்கு வராமல் நின்றவர்களும் திரும்ப வந்தார்கள், பதினொரு பேராகிவிட்டார்கள். துப்புரவு வேலை செய்யும் போர்த்துக்கல்காரி டெரேசா ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அழைத்து, "கஜா, உன்னைவிட இருபது புள்ளி கூட!" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அன்றைக்குக் கஜலக்சுமி சோறு குழையவிட்டாள்.

பங்குனிக் கடைசியில் விளக்கு நாற்பதைத் தாண்டியது. திரையில் அவள் பெயர் முதலாவதாக வந்தது. ஃப்ரௌ மதிவதனன், ஆயிரத்து எழுநூற்றிருபது புள்ளி. சுவிஸில் அவளுக்குக் குடும்பப் பெயர் புருசனின் பெயர்தான். டெரேசா மேசையில் தட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். தான் நினைத்ததைவிடப் புள்ளி கூடவாக இருந்ததை அவள் கவனித்தாள். நான் கெட்டிக்காரிதான் போல, என்று பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.

சித்திரையில் ஒரு வியாழன். வகுப்பு தொடங்க முன்னம் ஃப்ரௌ அம்ரைன் அவளைத் தன் கணினிக்குக் கிட்டக் கூப்பிட்டார். யார் எந்த நேரம் என்ன படித்தார்கள் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும்.

"பாருங்கள், ஃப்ரௌ மதிவதனன். மாலையில் நீங்கள் களைத்துப்போய்ப் படிக்கிறீர்கள், நிறையப் பிழை. ஆனால் காலையில் ஒன்பது மணிக்கு! வேலை நாள் எல்லாம் ஒன்பது மணி, ஒரு பிழைகூட இல்லை. 'டொஹ்' பயிற்சி முழுவதும் சரி. உங்களுக்குக் காலைதான் நல்ல நேரம்!"

காலை ஒன்பது மணிக்குக் கஜலக்சுமி நீராவிக்கு நடுவில் படுக்கை விரிப்பு அழுத்திக்கொண்டிருப்பாள். அவளுடைய தொலைபேசி அந்த நேரம் உடுப்பு மாற்றும் அறையின் அலுமாரியில் பூட்டியிருக்கும்.

காலை ஒன்பது மணிக்கு இந்த நாட்டில் வேலைத்தளங்களில் எல்லாம் ஸ்னூனி இடைவேளை. ஒரு பாண் துண்டு, ஒரு கோப்பி, கால் மணித்தியாலம். மதிவதனன் வேலை செய்யும் இரும்புத் தொழிற்சாலையிலும் அதே நேரம்தான்.

"உங்களுக்குச் சுகமில்லையா?" என்று ஃப்ரௌ அம்ரைன் கேட்டார்.

"யா" என்றாள். அதுவும் பிழை.

வீட்டுக்கு வந்தபோது மதிவதனன் மேசையில் பிட்டும் முட்டைப்பொரியலும் மூடி வைத்திருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தினை நாளா?"

"என்ன எத்தினை நாளா?"

"ஒன்பது மணி."

அவன் கையில் இருந்த தண்ணீர்க் கிளாசை மெதுவாக வைத்தான்.

"அண்டைக்கு உமக்கு ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்து வந்ததெல்லோ. நாப்பத்தொராம் நாள். வந்து விழுந்து படுத்திட்டீர். பேந்து விளக்கு நூந்துபோகுமெண்டு நான் என்ர போனில போட்டுச் செய்தன். பவாவின்ர பிறந்தநாள்தானே பாஸ்வேர்ட். அதுக்குப் பிறகு... எதுக்கும் இருக்கட்டுமெண்டு ஸ்னூனியில..."

"ஒவ்வொரு நாளும்."

"உம்மட முகத்தைப் பாக்கச் சந்தோசமாயிருந்ததப்பா. விளக்கு நூந்தா நீர் அழுதிருப்பீர்."

"நான் அழுதா என்ன? என்ர விளக்குத்தானே!"

அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குக் கூடப் பயமாக இருந்தது.

"டொக்டரிட்ட நீங்கள் கதைச்சீங்கள். கெமைண்ட ஒஃபிஸில நீங்கள் கதைச்சீங்கள். பள்ளிக்கூடத்தில பிள்ளையின்ர ரீச்சர் என்ர முகத்தைப் பாத்து, அம்மா என்ன நினைக்கிறா எண்டு கேட்டா. அதுக்கும் நீங்கள்தான், மனுசியும் அப்பிடித்தான் நினைக்கிறா எண்டு சொன்னீங்கள். நான் அப்பிடி நினைக்கேல்லை, தெரியுமோ? கடைசியா ஒரு ரெலிபோன் என்னோட கதைச்சுது. அதோடயும் நீங்கள்தான் கதைச்சிருக்கிறீங்கள்."

"உதவிதானே செய்தனான்..."

"நான் கெட்டிக்காரி எண்டு நினைச்சன்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிட்டு ஆறியது.

அடுத்த நாள் பாஸ்வேர்டை மாற்றினாள். அதன் பிறகு மூன்று நாள் செயலியைத் திறக்கவேயில்லை. "உங்கள் சுடர் அணையப்போகிறது!" என்று அது முதல் நாள் கெஞ்சியது. இரண்டாம் நாள் எண் பூச்சியமாகி, ஒரு அழுகிற முகம் வந்தது. மூன்றாம் நாளும் எண் பூச்சியத்திலேயே நின்றது. விளக்கைத் தன் கையாலேயே நூர்த்தது மாதிரி அவளுக்கு இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஏதோ ஒரு பாரம் இறங்கியதும் உண்மை. வீட்டில் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள். தேத்தண்ணி. திறப்பு. குப்பைப் பை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும், அவள் ஃப்ரௌ அம்ரைனிடம் போய்ச் சொன்னாள். "ஒன்பது மணி, அது நான் இல்லை. அது என் கணவர்."

ஃப்ரௌ அம்ரைன் முதலில் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கணினியைத் திறந்து, அந்த ஒன்பது மணி வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அந்த எண்ணைத்தான் பார்த்தேன்" என்றார் கடைசியில். "உங்களைப் பார்க்கவில்லை. வகுப்பில் நீங்கள் இன்னும் 'யா' என்றுதான் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திரை நன்றாக இருந்ததால் அதை நம்பினேன்."

ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார்.

"இந்தச் செயலிக்கு ஒரு குறை இருக்கிறது, ஃப்ரௌ மதிவதனன். பசியில்லையா என்று உங்களைக் கேட்கிறது. ஆனால் உங்களுக்குப் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அதற்கு ஒன்றுமில்லை."

வியாழக்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் புது வீட்டுவேலை வந்தது. செயலி இருக்கட்டும், விரும்பினவர்கள் செய்யலாம். ஆனால் புள்ளிப் பட்டியல் இனித் திரைக்கு வராது. டெரேசா மட்டும் "ஐயோ" என்றாள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் உண்மையான ஒரு ஆளுக்கு, தொலைபேசியில் டொச்சில் ஒரு குரல்செய்தி அனுப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதற்குரிய பதில் கேட்பவருக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

கஜலக்சுமிக்கு டொச் தெரிந்த ஆட்கள் என்று யார் இருக்கிறார்கள்? மகளுக்கு அனுப்பினால், அவள் வேலைக்கு நடுவில் கேட்டுவிட்டு ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்புவாள். கடைசியில், கோபம் கோபமாக இருக்கத்தக்கதாகவே, வேலையின் நடுவில் அலுமாரியடியில் நின்று மதிவதனனுக்கு அனுப்பினாள்.

"வணக்கம். நீங்கள் சாப்பிட்டீர்களா?"

தமிழில் புருசனை அவள் 'நீங்கள்' என்றுதான் சொல்வாள். அதனால் டொச்சிலும் மரியாதையாக 'சீ' என்றே கேட்டாள். முன்பின் தெரியாதவரும் வங்கிக்காரரும் பொலிஸும் கேட்கிற 'சீ'. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் மதிவதனன் அதைச் சத்தமாகப் போட்டுவிட்டான். பக்கத்தில் இருந்த அல்பேனிய நண்பன் பெசிம், "எந்த ஒஃபிஸில இருந்து எடுக்கிறாங்கள்? வரிக் கந்தோரா?" என்று கேட்டான். மனைவி என்று சொன்னபோது அந்த மேசையே குலுங்கிச் சிரித்தது.

பதில் செய்தி வந்தது. "சாப்பிட்டேன். சீஸ் பாண். நான் வரிக் கந்தோர் இல்லை. தயவு செய்து 'டூ' என்று சொல்லவும்."

அவள் நீராவிக்குள் நின்று, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்.

அடுத்த நாள் செய்தியை நான்கு தரம் பதிந்து நான்கு தரமும் அழித்தாள். 'டூ' என்றால் நீ. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. தமிழில் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்டுவிடலாம். டொச்சில் இஞ்சாருங்கோ இல்லை. பெயர் சொல்ல வேண்டும். அவள் அந்தப் பெயரை இந்த நாட்டில் நாளுக்கு எத்தனையோ தரம் சொல்கிறாள், பல் வைத்தியரிடம், தபால் கந்தோரில். ஆனால் அதெல்லாம் தன் பெயராகச் சொன்னது. அவனுடைய பெயராக, அவனைப் பார்த்து, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐந்தாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "ஹலோ மதி. நீ ஏன் அதைச் செய்தாய்?"

அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கனநேரம் வாசலில் நின்றான். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு, அவளுக்குப் பிடிக்குமென்று கத்தரிக்காய் பொரித்தான்.

இப்படியே வைகாசி போனது. இரண்டு பேரும் வீட்டில் தமிழில் கறியையும் பில்லையும் கதைத்தார்கள், பகலில் டொச்சில் மற்றதைக் கதைத்தார்கள். டொச்சில் சுற்றி வளைக்க அவளுக்குச் சொல் போதாது, அதனால் நேரே சொல்ல வேண்டியிருந்தது. புஹேலி அம்மாவின் கதையை அவள் முதன்முதலில் அவனுக்குச் சொன்னது ஒரு குரல்செய்தியில்தான், இரண்டு நிமிடம் பதினெட்டு செக்கன், பிழையான டொச்சில். அவன் பதிலாக, "இன்றைக்கு நான் சாப்பிடவில்லை" என்று மட்டும் அனுப்பினான். ஆனால் அவள் ஏன் செய்தாய் என்று கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லவேயில்லை.

நேர்முகம் ஒரு வெள்ளிக்கிழமை, லுசேர்னில், காலை பத்தரைக்கு. முதல் நாள் மாலை, "நானும் வரட்டோ? வெளியில இருக்கிறன்" என்று கேட்டான்.

"வேண்டாம். வேலைக்குப் போங்கோ."

அவன் தலையாட்டினான்.

காலையில் அவள் பஸ்ஸில் ஏறி இருந்தபோது கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. சரியாக ஒன்பது மணி. மதியின் குரல்செய்தி. பின்னால் கோப்பி மெஷின் இரைந்தது. தொழிற்சாலையில் கற்ற அவனுடைய டொச், கல்லுக் கல்லாக விழுந்தது.

"கஜா. நீ கேட்டாய், ஏன் என்று. எனக்குப் பயம். இருபத்திரண்டு வருடம் நான் உன்னுடைய வாய். இப்போது உனக்கு உன் வாய் இருக்கிறது. அது நல்லது. ஆனால் எனக்கு என்ன வேலை? இனி உனக்கு நான் தேவையில்லையா?"

அவள் அதை ஒரு தரம்தான் கேட்டாள். பதில் பதிய எடுத்த விரலை நிறுத்தினாள். யா என்றா, நைன் என்றா, மற்றதா? அவசரத்தில் பிழையாகச் சொல்லிவிடக் கூடாத கேள்வி. தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

நேர்முகம் செய்தவர் ஃப்ரௌ ஸ்டூடர் என்ற நரைத்த பெண்மணி. முதல் கேள்விகள் வகுப்பில் படித்தவைதான். எங்கே வேலை, எத்தனை வருடம், ஷிஃப்ட் வேலை சரிவருமா. கஜலக்சுமி சொன்னாள். பிழைகள் வந்தன, ஆனால் நிற்கவில்லை. பிறகு ஃப்ரௌ ஸ்டூடர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"முதியோர் இல்லங்களில் ஆட்கள் இறப்பார்கள், ஃப்ரௌ மதிவதனன். நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். உங்களுக்குப் பயமில்லையா?"

"யா" என்றாள்.

பழக்கம். ஓம், பயமில்லை. நேர்முகத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டுமென்று தயார் செய்திருந்தாள். ஃப்ரௌ ஸ்டூடர் புருவத்தை உயர்த்தினார்.

"யா என்றால்? பயமா, பயமில்லையா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நின்று போனது. கஜலக்சுமிக்கு, கதிரையைத் தட்டிக் காட்டின அந்தக் கை ஞாபகம் வந்தது. யா என்று ஒருக்கால் சொல்லிவிட்டுப் போனது போதும்.

"டொஹ்" என்றாள். தொண்டையின் அடியில் இருந்து, மீன்முள்ளு இல்லாமல், சுத்தமாக வந்தது. "டொஹ். எனக்குப் பயம்."

பிறகு அவள் நிறுத்தவில்லை. பெயர்ப் பட்டிகளைப் பற்றிச் சொன்னாள். ஊதாச் சட்டையின் இடது கையைப் பற்றி, வருடத்துக்கு வருடம் சின்னதாகும் அளவைப் பற்றி, இரண்டு கிழமை வராத பெயரைப் பற்றிச் சொன்னாள். தான் ஒரு தரம் பிழையாக யா என்று சொன்னதையும், அந்த அம்மா காத்திருந்ததையும் சொன்னாள். ஆண்பாலும் பெண்பாலும் எல்லாம் இடம் மாறின. "பயம்தான். ஆனால் நான் அந்தக் கதிரையில் இருக்க விரும்புகிறேன்" என்று முடித்தாள்.

ஃப்ரௌ ஸ்டூடர் பேனையை மறுபடியும் எடுத்தார். பிறகு, "பயமில்லை என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்" என்றார். "எழுத்து டொச் உங்களுக்குக் காணாது. கோடை முழுவதும் வகுப்பை விடக் கூடாது. ஃப்ரௌ அம்ரைனிடம் இருந்து எனக்குக் கடிதம் வரவேண்டும். அது சரியென்றால், செப்டெம்பரில் உங்களுக்கு இடம் இருக்கிறது."

வெளியே வந்தபோது பஸ் தரிப்பிடத்தில், வேலை உடுப்போடு, மதிவதனன் குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் சடக்கென்று எழுந்து நேர அட்டவணையை வாசிப்பது போலத் திரும்பினான்.

"வேலைக்குப் போகச் சொன்னனெல்லோ?"

"போனன். பத்து மணிக்குப் பிறகு லீவு. உள்ளுக்க வரேல்லையே, றோட்டில நிக்கிறதுக்கும் உம்மட பேர்மிஷன் வேணுமோ?" என்றவன், அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்னப்பா, சரிவரேல்லையோ?"

"டொஹ்" என்றாள்.

அவனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு நடுறோட்டில், வேலை உடுப்பின் எண்ணெய் மணத்தோடு, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். ஒரு சுவிஸ் கிழவி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நேர்முகத்தில் கேட்டதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாக விசாரித்தான், அவள் சொன்னாள். ஒன்பது மணிச் செய்தியைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்கப் பயந்து, லீவுக்கு ஷெஃப் என்ன சொன்னான், பெசிம் என்ன சொன்னான் என்று தேவையில்லாத கதையெல்லாம் கதைத்தான். கஜலக்சுமி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தொலைபேசியை எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அவனுடைய சட்டைப்பை அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தான். ஒன்பது மணிக் கேள்விக்கு ஒரேயொரு சொல்லில் பதில்: டொஹ். அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டான். பிறகு மூன்றாம் தரமும்.

"பக்கத்திலதானே இருக்கிறன்" என்றான். "உதை வாயாலயே சொல்லியிருக்கலாமே."

"வாயாலதான் சொன்னனான்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி. "உங்கட வாயால இல்லை, என்ர வாயால."